வரிசையில் கடைசி ஆள்

திருப்பாதிரிப்புலியூர்
14 ஜூலை 2024

அன்புள்ள ஷாலினி அக்காவுக்கு,

தோத்திரம். மடத்தில் உன் பெயர் சிஸ்டர் அருள்மரியா என்று உறையில் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்கு ஷாலினி அக்காதான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி தவிர வேறு குறை இல்லை. ஜெயராணிக்கு நான்காவது மாதம். மாங்காய் கேட்பாள் என்று பார்த்தால் பரோட்டா கேட்கிறாள். உனக்குப் போன மழையில் பிடித்த சளி விட்டதா?

ஆகஸ்ட் பதினேழாம் தேதி பாங்காக்கில் எனக்கு மேட்ச். ஆறு ரவுண்டு. செம்பியன் அண்ணன்தான் பேசி முடித்தார். புரொஃபஷனல் ஆன நாளிலிருந்து என் ஏழு மேட்சையும் நடத்தியவர் அவர், ஏழிலும் நான் ஜெயித்தேன் என்பது உனக்குத் தெரியும். ராபர்ட் மாஸ்டருக்கு மட்டும் இதில் இஷ்டம் இல்லை. "வெளிநாட்டுக்காரன் உன்ன எதுக்குக் கூப்புடுறான், அவன் ஆளு ஜெயிக்கத்தான்" என்கிறார். கோச் என்றால் அப்படித்தான் பேசுவார், பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுப் பழகிவிட்டேன்.

போன வாரம் சென்னையில் மெடிக்கல் நடந்தது. என்னோடு ஆறு பேர் போகிறார்கள். சின்ன எடையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் ஹெவிவெயிட், எப்போதும்போல வரிசையில் கடைசி ஆள். நீ சொல்லிக் கொடுத்தது இன்னும் கைகொடுக்கிறது.

எனக்காக வேண்டிக்கொள்.

உன் கனத்த தம்பி,
ஆரோக்கிய ஜெகன்


சிதம்பரம், மடத்திலிருந்து
24 ஜூலை 2024

அன்புள்ள ஜெகனுக்கு,

ஆண்டவர் உன் வீட்டில் எல்லாரையும் காப்பாராக. சளி போய்விட்டது. அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. ஜெயராணி கேட்பதை வாங்கிக் கொடு, அவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்னாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் பழையதெல்லாம் ஞாபகம் வந்தது. மாவட்டத் தங்கம் மூன்று வாங்கினாய், மூன்றும் எதிராளி இல்லாமல். தொண்ணூற்றொரு கிலோவுக்கு மேல் குத்துச்சண்டைக்கு வந்த பிள்ளை இந்த மாவட்டத்திலேயே நீ ஒருவன்தான். மேடை ஏறுவாய், நடுவர் உன் கையைத் தூக்குவார், இறங்கி வருவாய். மாநிலப் போட்டியில் அரைக்கிலோ குறைகிறது என்று தண்ணீரும் பூவன்பழமுமாக உன் வயிற்றை நிரப்பித் தராசில் ஏற்றினோம். அகில இந்தியப் போட்டியில்தான் முதன்முதலாக இரண்டு பேர் உன்னை நன்றாக அடித்தார்கள். வெண்கலத்தோடும் வீங்கிய மூக்கோடும் வந்து சிரித்தாய்.

தேவனாம்பட்டினம் மணலில் நீ குத்திப் பழகக் கையில் பேட் பிடித்தவள் நான். குத்திவிட்டு உன் இடது கை கீழே இறங்கும். இப்போதும் இறங்குகிறதா என்று மாஸ்டரைப் பார்க்கச் சொல்.

கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, நான் சொல்லிக் கொடுத்தது என்று. அதை இனிமேல் எழுதாதே. இங்கே வரும் கடிதத்தை மதர் படித்த பிறகுதான் என்னிடம் தருவார்கள். அது மடத்து ஒழுங்கு.

பத்திரமாகப் போய் வா.

ஜெபத்தில் மறவாத,
அக்கா


திருப்பாதிரிப்புலியூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். எல்லாரும் நலம். நீயும் நலமாக இருப்பாய், மடத்துக் கஞ்சி அப்படி.

தோற்றுவிட்டேன். ஆறு ரவுண்டும் நின்றேன், ஒரு முறைகூடக் கீழே விழவில்லை. புள்ளியில்தான் தோல்வி. அவனுடைய வலது கை எங்கிருந்து வந்தது என்றே கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. "அவன் ஒண்ணும் மறைச்சு அடிக்கலடா, நேராத்தான் அடிச்சான்" என்று மாஸ்டர் கத்தினார். ஊருக்கு வந்தபிறகும் என்னை முறைத்துக்கொண்டே இருக்கிறார்.

முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அதனால் இந்த மாதம் உன்னைப் பார்க்க வரவில்லை. உன் மடத்துச் சிஸ்டர்கள் பயந்துவிடுவார்கள்.

வேறு விசேஷம் இல்லை. மழைக்கு முன்பே இங்கே கொசு ஜாஸ்தி. இடது பக்கமாக ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, எத்தனை தரம் அடித்தாலும் சாவதில்லை. நேற்று அம்மாவுக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறேன் என்று டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். "ஒத்த டீ ஊத்தத் தெரியல, நீ எப்புடிடா அடுத்தவன் மூஞ்சியில குத்துற" என்று அம்மா கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அம்மாவும் ஜெயராணியும் உன்னை விசாரித்தார்கள்.

தம்பி,
ஜெகன்


சிதம்பரம், மடத்திலிருந்து
14 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெகனுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். தேக சுகத்தை இவ்வளவு சுருக்கமாக எழுதினால் எப்படி? வீக்கம் எந்தப் பக்கம், டாக்டரைப் பார்த்தாயா, மருந்து என்ன, எதுவும் இல்லை. கொசுவைப் பற்றி மட்டும் விலாவாரியாக எழுதியிருக்கிறாய்.

நீ தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. வராததில் வருத்தம். மாதம் ஒரு முறை வீட்டார் வந்து பார்க்கலாம் என்றுதான் இங்கே விதி வைத்திருக்கிறார்கள். ஜூனில் வருகிறேன் என்றாய், ஜூலையில் வருகிறேன் என்றாய். பாங்காக்குக்கு வழி தெரிந்தவனுக்குச் சிதம்பரம் பஸ் தெரியவில்லையா? நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் நீ உட்காரு. வீங்கிய முகத்தை நான் பார்க்காததா?

எனக்கு இப்போது அப்பம் சுடும் வேலை. பங்குக் கோயில்களுக்குப் போகும் நற்கருணை அப்பங்களை வட்டமாக வெட்டி, உடைந்ததை ஒதுக்க வேண்டும். நான்தான் ஜாஸ்தி உடைக்கிறேனாம். குத்துச்சண்டைக்காரன் அக்கா கை அப்படித்தான் இருக்கும் என்று மதரே சிரிக்கிறார்கள்.

வந்துவிட்டுப் போ.

அக்கா


திருப்பாதிரிப்புலியூர்
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். இரண்டு மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். ஜெயராணிக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. அம்மா தொட்டில் துணி தைக்கிறார்கள். உனக்குக் குளிருக்குப் போர்வை இருக்கிறதா?

அக்கா, பட்டத்துக்கு மேட்ச் வந்திருக்கிறது. மார்ச் இருபத்திரண்டு, சென்னையில், எட்டு ரவுண்டு. ஜெயித்தால் ஹெவிவெயிட் பெல்ட். எதிராளி ஹரியானாக்காரன், என்னைவிட நான்கு விரல் உயரம். செம்பியன் அண்ணன் போனில் சொன்னபோது இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மாவட்டத் தங்கத்தைச் சொல்லி என்னைப் பாராட்டுகிறவர்களிடம் எனக்குக் கூச்சமாக இருக்கும். யாரும் இல்லாத மேடையில் கைதூக்கியவன்தானே. இந்தப் பெல்ட்டை எதிரே ஒருவன் நிற்க, அவனை அடித்து வாங்க வேண்டும்.

புயல் வருகிறது என்கிறார்கள். கண்ணை மூடினால்கூட ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. கொசு இன்னும் போகவில்லை. மேட்ச் முடிந்ததும் கண்டிப்பாக வருகிறேன்.

தம்பி,
ஜெகன்


சிதம்பரம், மடத்திலிருந்து
26 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெகனுக்கு, அம்மாவுக்கு, ஜெயராணிக்கு,

பாலன் இயேசு உங்கள் வீட்டில் பிறக்கட்டும். உன் கடிதம் திருவருகைக் காலம் தொடங்கிய பிறகு வந்ததால் மதரின் அலமாரியில் இருந்து, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமும் தவக்காலத்தின் நாற்பது நாளும் எங்களுக்குக் கடிதமும் இல்லை, பார்வையாளரும் இல்லை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மறக்கிறாய்.

வெள்ளம் வீட்டுக்குள் வந்ததா? அம்மா எங்கே இருந்தார்கள்? பட்டம், பெல்ட் எல்லாம் அப்புறம் பேசலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் முதலில் பதில் எழுது: கண்ணை மூடினால் மின்னல் தெரிகிறதென்றாயே, எந்தக் கண்?

அக்கா


திருப்பாதிரிப்புலியூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நீ அத்தையாகிவிட்டாய். மூன்றாம் தேதி காலை பெண் குழந்தை. மூன்று கிலோ நானூறு. எந்த வெயிட் கேட்டகரி என்று மாஸ்டர் கேட்கிறார். தாயும் பிள்ளையும் நலம்.

பெயர் மேரி ஷாலினி. உன் பழைய பெயர் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொண்டோம்.

வெள்ளம் வாசற்படி வரை வந்து திரும்பிவிட்டது. அம்மாவைத் தூக்கி மாடி வீட்டில் உட்கார வைத்தேன். பக்கத்துத் தெருவில் கொளஞ்சியம்மாள் ஆயாவையும் அவர்கள் ஆட்டையும் தூக்கி வந்தேன். ஆடுதான் ஜாஸ்தி உதைத்தது.

பாப்பா என் வலது தோளில்தான் தூங்குவாள். பயிற்சி நன்றாகப் போகிறது. காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம், சாயங்காலம் பேட். நூற்றுப் பன்னிரண்டு கிலோவில் இருக்கிறேன். அடுத்த மாதம் ஜெயராணி பாப்பாவை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வருவாள்.

வேறு ஒன்றும் இல்லை.

ஜெகன்


சிதம்பரம், மடத்திலிருந்து
3 மார்ச் 2025

அன்புள்ள ஜெகனுக்கு,

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக. இன்று திங்கள். நாளை மறுநாள் சாம்பல் புதன், அதன்பின் ஈஸ்டர் வரை நான் எழுத முடியாது. அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன்.

போன வாரம் ஜெயராணி வந்தாள். பாப்பாவைக் கம்பி வழியாகத் தொட்டேன், என் விரலை விடவே மாட்டேன் என்றாள். பேச்சுவாக்கில் ஜெயராணி சிரித்துக்கொண்டே சொன்னாள், "இவரு இல்லாத கொசுவ அடிக்கிறாரு அண்ணி. இடது பக்கம் பாப்பாவக் குடுத்தா வாங்கவே மாட்டாரு. கடைத்தெருவுல நிக்குற தள்ளுவண்டியில போய் மோதிக்கிறாரு." அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அன்று முழுக்க அப்பம் உடைந்துகொண்டே இருந்தது.

எந்தக் கண் என்று கேட்டேன், நீ ஆட்டைப் பற்றி எழுதினாய். கொசு, மின்னல், டம்ளர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத வலது கை. இடது கண்தான். அது போய்க்கொண்டிருக்கிறது. உனக்கும் அது தெரியும், அதனால்தான் நீ இங்கே வரவில்லை. நேரில் பார்த்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயம்.

இனி எழுதுவதை மதர் படிப்பார்கள். படிக்கட்டும். உனக்குப் பதினாறு வயதில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். உன் இடது கண் பிறவியிலேயே மங்கல். அப்பாவுக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது, கண்ணாடி போட்ட எனக்கு மட்டும் தெரியும். மெடிக்கலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்களே என்று நீ அழுதாய். நான்தான் சொன்னேன்: நீ ஹெவிவெயிட், உன்னைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள், முன்னால் நிற்கிறவர்கள் படிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொள் என்று. ஒரு வாரம் மாடியில் உட்கார்ந்து, நான் சொல்லும் எழுத்துகளை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒப்பிக்க வைத்தேன், ஜெபமாலை சொல்வதுபோல. நீ தேறினாய். நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அன்றே கண்ணாடி போட்டிருந்தால் நீ இந்த விளையாட்டுக்கே போயிருக்க மாட்டாய். வெண்கலத்துக்கு ரயில்வேயில் வேலைக்குக் கூப்பிட்டார்களே, கைக்கு வந்ததை விட்டுவிட்டுப் புரொஃபஷனல் ஆகிறான் பைத்தியக்காரன் என்று ஊரே பேசியது. அங்கே மெஷின் வைத்துக் கண் பார்ப்பார்கள் என்று நீ போகவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மா அழுதபோது வாய் திறக்காமல் இருந்தேன். மடத்துக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது, பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சொன்னேன். இதைச் சொன்னதில்லை. இதைப் பாவம் என்றே நினைக்கவில்லை, தம்பிக்குச் செய்த உதவி என்று நினைத்திருந்தேன்.

சண்டைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அன்று நான் உனக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறேன். கொடுத்தவள் கேட்கிறேன், திருப்பிக் கொடு.

உன் பதில் எதுவானாலும் ஈஸ்டர் வரை எனக்குத் தெரியாது. அது எனக்குச் சரியான தண்டனைதான்.

அக்கா


திருப்பாதிரிப்புலியூர்
9 மார்ச் 2025

அக்கா,

இதை உன்னிடம் ஈஸ்டருக்குத்தான் தருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உனக்கென்ன, சுவருக்குள்ளே இருந்துகொண்டு ஒரு கடிதம் போட்டுவிட்டாய். பதினோரு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடு என்றால் எதைக் கொடுப்பது? அந்தப் பொய் இல்லாவிட்டால் நான் யார்? நெல்லிக்குப்பம் மில்லில் அப்பா மாதிரி மூட்டை தூக்கியிருப்பேன். இந்த உடம்பை வைத்து என்னை நாலு பேர் மதித்ததே அதனால்தான். உன்மேல் கோபமாக வருகிறது, நீ அழுதிருப்பாய் என்று நினைத்தால் அதைவிட ஜாஸ்தி கோபம் வருகிறது.

ஆமாம், இடது கண்தான். கீழேயிருந்து கறுப்புத் திரை மாதிரி ஏறுகிறது. பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஜெயராணிக்கும் மாஸ்டருக்கும் தெரியாது. எட்டு ரவுண்டு, அவ்வளவுதான். இடது கையை இறக்காமல் வைத்தால் சமாளித்துவிடலாம். பெல்ட்டை வாங்கிவிட்டு டாக்டரிடம் போகிறேன். வெறும் மேடையில் கைதூக்கினவன் என்ற பெயரோடு என் பாப்பா என்னைப் பார்க்கக் கூடாது.

நான் போகத்தான் போகிறேன்.

ஜெகன்


திருப்பாதிரிப்புலியூர்
29 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு ஜெயராணி எழுதுவது,

தோத்திரம். பாப்பாவும் அத்தையும் சுகம். உங்க தம்பி கையால எழுத முடியாததால நான் எழுதுறேன், பயப்படாதீங்க. அவர் சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதச் சொல்றார். எழுதுறேன்.

அக்கா, நான் இப்ப குப்புறப் படுத்துக்கினு பேசுறேன். கண்ணுக்குள்ள விழித்திரை பிரிஞ்சுடுச்சாம், ஆபரேஷன் பண்ணி உள்ளே காத்து அடைச்சிருக்காங்க. பத்து நாளு குனிஞ்சே இருக்கணுமாம், சோறுகூட அப்படித்தான். பாங்காக்குக்காரனால முடியாதத பாண்டிச்சேரி டாக்டரம்மா செஞ்சுட்டாங்க, என்னைக் குப்புறப் போட்டுட்டாங்க.

இருபத்தொண்ணாம் தேதி சென்னையில மெடிக்கல். பன்னெண்டு பேரு. நான்தான் கடைசி. பதினோரு பேரு படிக்கிறத பதினோரு தடவை கேட்டேன். பலகை மொத்தமும் வாயில இருக்கு, பின்னாலேர்ந்துகூட. வலது கண்ணுல படிச்சேன். அப்புறம் டாக்டரு வலது கண்ண மூடச் சொன்னாரு. மூடுனேன். நீ மாடியில உக்காந்து சொல்லிக் குடுத்த மாதிரியே எழுத்தெல்லாம் வரிசையா வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. முத எழுத்து ட. அதச் சொல்லிட்டா மீதி தானா வந்துடும். உன் லெட்டரு ஞாபகம் வந்துச்சு. உன்னத் திட்டிக்கினேதான் நின்னேன்.

"தெரியல டாக்டர்"னேன். கடைசி வரியான்னு கேட்டாரு. இல்லன்னேன். மேல இருக்குற பெரிய எழுத்து தெரியுதான்னாரு. "பலகையே தெரியல டாக்டர்"னேன். செம்பியன் அண்ணன் வெளையாடுறேன்னு நெனச்சு அதட்டுனாரு. மாஸ்டருதான் என் கையப் புடிச்சுக் கூட்டிக்கினு வெளிய வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் இடது பக்கமாவே நடந்து வந்தாரு.

மறுநாளு அந்த ஹரியானாக்காரன் மேடை ஏறி, கையத் தூக்கிட்டு, பெல்ட்ட வாங்கிக்கினு எறங்கிட்டானாம். பாவம், அவனுக்கும் வாக்ஓவரு.

இடது கண்ணு இனிமே வெளிச்சம் இருட்டு பாக்க மட்டுந்தானாம். வலது கண்ணுலயும் அந்தத் திரை ஓரத்துல மெலிசா இருந்துச்சாம், லேசர் வச்சு அடைச்சுட்டாங்க. எட்டு ரவுண்டு வாங்கியிருந்தா அதுவும் போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இனி சண்டை கெடையாது. போன லெட்டர்ல எழுதுனதெல்லாம் நீ மறந்துடு. படிச்சிருக்க மாட்டல்ல, படிச்சதும் மறந்துடு.

அண்ணி, இதுக்கு மேல நானே எழுதுறேன். இவர் குனிஞ்சே இருக்கிறதால கட்டிலுக்குக் கீழே பாயில பாப்பாவைப் போடச் சொல்றார். அவ மல்லாந்து படுத்து இவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறா. இவர் மேலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கார். இப்பதான் அவளை முழுசாப் பார்க்கிறேன்னு சொல்றார். இது தெரியாம கொசுன்னு சிரிச்சேனே அண்ணி, என்னை மன்னிச்சுக்குங்க.

ஜெயராணி


சிதம்பரம், மடத்திலிருந்து
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர் ஞாயிறு

என் அன்புத் தம்பிக்கு, ஜெயராணிக்கு, அம்மாவுக்கு, பாப்பாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சந்தோஷம் உங்கள் எல்லாரோடும் இருக்கட்டும். காலைப் பூசை முடிந்ததும் மதர் இரண்டு உறைகளைத் தந்தார்கள். இரண்டும் பிரித்திருந்தன. தேதிப்படி படியுங்கள் என்றார்கள். படித்தேன். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உறையில் உன் கையெழுத்து இல்லை.

இப்போது எழுதும்போதும் கண் நிறைகிறது. அழுகைதான், மறைக்கவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாம்பல் புதனிலிருந்து நான் ஒரு வேளைதான் சாப்பிட்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் மதர் அப்பக்கூடத்துக்கு வந்தார்கள். "சிஸ்டர், இன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். இது கட்டளை" என்றார்கள். நான் பொய் சொன்னவள், தபசுக்குக்கூடத் தகுதி இல்லை என்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கூனிக்குறுகிப் போனேன். உத்தரவாயிற்றே என்று சாப்பிட்டேன். ஜெயராணி எழுதிய கடிதத்தை அவர்கள் அன்றுதான் படித்திருக்கிறார்கள். நீ சண்டைக்குப் போகவில்லை என்று ஒழுங்குப்படி சொல்ல முடியாததை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்றுதான் புரிந்தது.

உன் கோபத்தை மறக்கச் சொல்கிறாய். மறக்க மாட்டேன், அதில் பாதி நியாயம். நான் கேட்டதை நீ திருப்பிக் கொடுத்துவிட்டாய். அதற்கு நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும் ஜெகா. பெல்ட் வாங்கியவனுக்கு எதிரே அன்று யாரும் இல்லை. அந்தப் பலகைக்கு முன்னால் உனக்கு எதிரே நின்றது நான். என்னை ஜெயித்துவிட்டாய்.

குனிந்து படுக்கும் நாட்கள் முடிந்திருக்கும். டாக்டரம்மா அனுமதித்தால் வரும் ஞாயிறு நீயே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வா. பஸ்ஸில் ஜெயராணி உன் இடது பக்கம் உட்காரட்டும். பார்வையாளர் அறையில் எப்போதும் நாற்காலியைக் கம்பிக்கு நேராகப் போடுவார்கள். இந்த முறை அதைத் திருப்பிப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் வலது பக்கம் நான் இருப்பேன்.

உன்,
ஷாலினி அக்கா